'நோயறி கதிரேற்பு வரம்பு' என்னும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் முதலிய படமெடுப்புகளில் நோயாளிகளின் பாதுகாப்புக்காகக் கையாளப்படும் 'டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல்' என்பதற்கு 'நோயறி கதிரேற்பு வரம்பு' என்னும் சொல் நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் அதன் பின்னிரு உறுப்புகளும் பொருளைத் திரித்துவிடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் 'வரம்பு'. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கதிர்வீச்சால் நேரக்கூடிய தீங்கை மதிப்பிடும் அலகு) என்றும், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்றும் வரம்பு பரிந்துரைக்கிறது. நோயாளிக்கு அத்தகைய வரம்பு எதையும் அது வைக்கவில்லை. வயிற்றுக்குள் குருதிக்கசிவு இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்தவரிடம், இவ்வாண்டுக்குரிய அளவு தீர்ந்துவிட்டது என்று கூறி ஸ்கேனை மறுப்பது பாதுகாப்பு ஆகாது என்பதால், படம் உண்மையில் தேவைதானா, தேவையெனில் நோயை அறியப் போதுமான மிகக் குறைந்த கதிர்வீச்சில் அது எடுக்கப்படுகிறதா என்னும் இரண்டு கேள்விகளே நோயாளியைக் காக்கின்றன. இவற்றுள் இரண்டாம் கேள்விக்கான கருவியாகத்தான் 1996இல் ஆணையம் 'டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல்' என்னும் இந்த அளவை அறிமுகப்படுத்தியது. பல மருத்துவமனைகளில் ஒரே வகைப் படமெடுப்புக்கான அளவீடுகளைத் திரட்டி, ஒவ்வொரு மருத்துவமனையின் இடைநிலை அளவையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவையும் கண்டு, அவற்றின் மூன்றாம் கால்மானத்தை, அதாவது முக்கால் பங்கு மருத்துவமனைகளின் அளவுகள் எந்த எண்ணுக்குள் அடங்குமோ அதை, பொதுவாக ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். தன் இடைநிலை அளவு அதைத் தாண்டியிருக்கக் காணும் மருத்துவமனை, கருவியின் அமைப்புகளையும், தேவைக்கு மேல் நீளமாக ஸ்கேன் செய்யப்படுகிறதா என்பதையும் ஆராய வேண்டும். பருத்த உடலினர் ஒருவருக்குக் கூடுதலாகச் செலுத்த நேர்ந்தால் அது பிழையன்று. 'வரம்பு' என்று எழுதிவிட்டாலோ, தம் அறிக்கையில் கூடுதல் எண்ணைக் காணும் நோயாளி சட்டமீறல் நடந்துவிட்டதாகவே கருதுவார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

'கதிரேற்பு' என்பதன் சிக்கல் இன்னும் நுட்பமானது. சி.டி. ஸ்கேனில் ஒப்பிடப்படும், மில்லிகிரே என்னும் கதிர்வீச்சு அலகில் தரப்படும் எண், தலைக்கு 16 செ.மீ., உடலுக்கு 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளைகளைக் கொண்டு வரையறுக்கப்பட்டதாகும். அது கருவி வெளிப்படுத்திய கதிர்வீச்சைக் காட்டுகிறதே தவிர, படுத்திருந்தவரின் உடல் ஏற்றதைக் காட்டுவதில்லை. அதே அமைப்பில், அதே உருளையின் கணக்கில், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே எண் வரும். ஆனால் சிறிய உடலே அதிகம் ஏற்றிருக்கும். ஆகவே ஏற்பைக் குறிக்கும் உறுப்பு இச்சொல்லில் இடம்பெறவே கூடாது.

இவற்றுக்கு மாற்றாக 'நோயறி ஒப்பளவு' என்பதை முன்வைக்கிறேன். 'விசாரணை அளவு' என்றும் எண்ணிப் பார்த்தேன். அதில் காவல் நிலைய வாடை அடிக்கிறது. 'ஒப்பளவு' என்பதை ஒப்புதல் பெற்ற அளவு என்று சிலர் கொள்ளக்கூடும் என்ற தடை எழலாம். எனினும், "எங்கள் வயிற்று ஸ்கேனின் இடைநிலை அளவு நாட்டின் நோயறி ஒப்பளவை விட உயர்ந்துள்ளது" என்ற தொடரில் ஒப்பீட்டுப் பொருளே முன்னிற்கிறது. நாட்டு ஒப்பளவு, வட்டார ஒப்பளவு என்று விரிப்பதற்கும் இது இடம் தருகிறது.

ஒரே மருத்துவமனையின் இடைநிலை அளவை ஆணையம் தனிப்பெயரால் குறிக்கிறது. அதற்கு 'வழக்களவு' பொருந்தும் என நினைக்கிறேன். 'வழக்கு' என்பது நீதிமன்றத்தை நினைவூட்டுவதாக உறுப்பினர்கள் கருதினால் வேறு சொல் தேடலாம்.