சீஹம் முதல் ஈசிங்டன் வரை: ஒரு பட்டுக் கொடிக்காக நடந்தோம்

சண்டர்லாந்திலிருந்து:

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், சீஹம் ஊரிலிருந்து ஈசிங்டன் வரை, ஒரு நிதி திரட்டும் நடைக்குப் போய் வந்தேன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய சங்கக் கொடி ஒன்றைச் செப்பனிடத்தான் இந்த நிதி. ஆபீஸில், நன்கொடை தருபவர் பெயரும் தொகையும் எழுதும் ஸ்பான்சர் தாளை நீட்டியபோது, கொடிக்கா காசு என்று சிலர் இழுத்தார்கள். வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்டு' கட்டத்தில் டிக் போட்டால் பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசே சேர்த்துத் தரும் என்றதும் பேனாவைத் தேடினார்கள்.

இந்தக் கொடி கையில் பிடித்து ஆட்டுகிற கொடி இல்லை. சுரங்கத்துக்குச் சுரங்கம் தனித்தனியாக, ஓவியம் தீட்டிய பெரிய பட்டுத் துணி. கம்பங்களில் கட்டிப் பலர் சேர்ந்து தூக்க வேண்டும். டர்ஹாம் நகரில் 1871-இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் விழா இன்றும் ஜூலையில் நடக்கிறது. பேண்டு முழங்க இந்தக் கொடிகள் ஊர்வலம் வரும். அந்த வருடம் சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால், கொடிமேல் கறுப்புத் துணி போர்த்துவார்களாம்.

என் பக்கத்தில் நடந்தவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, எழுபது வயதைத் தாண்டியவர். "இதுதான் டாடன் சுரங்கம்" என்று கை காட்டினார். எனக்குத் தெரிந்தது சில கட்டடங்களும் புல்லும்தான். 1991-இல் மூடிவிட்டார்கள். கீழே பிளாஸ்ட் கடற்கரையில் ஷூ முனையால் தரையைக் கிளறினார். துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சளாக ஒரு படிவு, அதன் அடியில் கறுப்பு. பல பத்தாண்டுகள் சுரங்கக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிய இடம். "இதில் கொஞ்சம் நான் அனுப்பியது" என்று சிரித்தார். 1990-களின் கடைசியில் பெரிய அளவில் சுத்தம் செய்த பிறகும் மிச்சம் இவ்வளவு.

ஈசிங்டனில் மேட்டின் மேல் ஒரு இரும்புக் கூண்டு நிற்கிறது. ஆட்களைக் கீழே இறக்கிய அதே வகைக் கூண்டு, நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். 1951 மே 29 விடியற்காலையில், அங்கிருந்த சுரங்கத்தில் கரி வெட்டும் இயந்திரத்தின் பல் பைரைட் என்ற கடினக் கல்லில் உரசித் தீப்பொறி பறந்து, மீத்தேன் வாயு பிடித்துக்கொண்டது. கரித்தூள் வழியாக வெடிப்பு பரவியது. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் இறந்தார்கள். என்னோடு நடந்தவர் அப்போது கைக்குழந்தை. ஆனால் எந்தத் தெருவில் எந்தெந்த வீட்டில் ஆள் போனது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கொடிக்குக் காசு எதற்கு என்று கேட்ட ஆபீஸ்காரர்களை இவரோடு ஒரு மைல் நடக்க விட்டிருக்கலாம்.

கார்டிஃபிலிருந்து:

நடை எதற்கும் நான் போனதில்லை. வேல்ஸில் பிளைனாவோன் பக்கம், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் 'பிக் பிட்' சுரங்கத்துக்குக் குடும்பத்தோடு போனோம். வாட்ச், போன், கார் சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் கூண்டில் ஏற்றினார்கள். பேட்டரி உள்ள எதுவும் உள்ளே கூடாது. 90 மீட்டர் ஆழம். வழிகாட்டி முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கதவுப் பக்கம் எங்களை நிறுத்தி, தலை விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணெதிரே வைத்த கை தெரியவில்லை. இந்த இருட்டில் கதவைத் திறந்து மூடுவதற்கென்றே சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். பத்து வயதுக்குக் கீழான பையன்களும், எந்த வயதுப் பெண்களும் கீழே வேலைக்கு இறங்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1842-இல்தான். என் மகளுக்கு எட்டு வயது. அவள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அவங்க ஒண்ணுக்கு எங்கே போவாங்க?" வழிகாட்டி மழுப்பாமல் பதில் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன்.

லீட்ஸிலிருந்து:

நாலு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

கார்டிஃபிலிருந்து:

ஒரு மீட்டர் உயரம் இருந்தால் கீழே விடுவார்கள். நாங்கள் போனபோது அனுமதி இலவசம், கார் நிறுத்தத்தான் காசு வாங்கினார்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

சண்டர்லாந்திலிருந்து:

சீஹம் பாதைக்கு ஸ்வெட்டர் பத்தாது. காற்று ஆளைத் தள்ளும். வழியில் கழிப்பறையும் கிடையாது, கிளம்புமுன் சீஹமிலேயே போய்விடுங்கள்.