போட்ட ஸ்டாப் லாஸை எடுத்த நாள்: இன்ட்ராடே பழகிய மதுரைக்காரர்களின் அனுபவங்கள்

வில்லாபுரத்திலிருந்து:

போட்ட ஸ்டாப் லாஸை என் கையாலேயே எடுத்துவிட்டுத்தான் முதல் பெரிய நட்டத்தைப் பார்த்தேன். இன்ட்ராடே என்றால் பங்கை வாங்கி அன்றைக்கே விற்றுவிடுவது. விலை நாம் குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும்படி முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். முந்தைய நாள் கருத்துக் கணிப்பு உற்சாகத்தில் 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்த ஏற்றம் தொடரும் என்று நம்பினேன். கணக்கில் இருந்தது 20,000 ரூபாய். இன்ட்ராடேயில் கையிருப்பைப் போல ஐந்து மடங்கு வரை வாங்கலாம் என்பதால், ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கை 400 ரூபாய் வீதம் 240 வாங்கினேன். மொத்தம் 96,000 ரூபாய். 394-இல் ஸ்டாப் லாஸ் போட்டேன். அங்கேயே விற்றிருந்தால் 1,440 ரூபாயோடு போயிருக்கும்.

விலை 395-க்கு வந்தபோது, இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று அந்த ஆர்டரை ரத்து செய்தேன். 390, 382, 370. ஒவ்வொரு படியிலும், முந்தைய படிக்குத் திரும்பினால் விற்றுவிடலாம் என்று காத்திருந்தேன். அம்மா சாப்பிடக் கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். மாடியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் 3.20-க்குத் தரகு நிறுவனத்தின் மென்பொருளே 356-க்கு விற்றுவிட்டது. 10,560 ரூபாய் நட்டம். நிஃப்டி அன்று ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்து முடிந்தது. என் கணக்கில் பாதிக்கு மேல் காலி.

என் தாய்மாமா பூ வியாபாரி, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் அவரோடு போயிருந்தேன். கிலோ 500-க்கு எடுத்த மல்லியை, வரத்து கூடிவிட்டதால் 8 மணிக்கு 380-க்குக் கேட்டார்கள். மாமா ஒரு மொட்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார், கூடையை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. "கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாமே மாமா?" என்றேன்.

"சாயங்காலம் மொட்டு விரிந்துவிடும் மாப்பிள்ளை. அப்புறம் 380-க்குக் கேட்கவும் ஆள் வராது. எதுவரைக்கும் இறங்கிக் கொடுக்கலாம் என்று எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் பணத்தை நீட்டுவேன்" என்றார்.

அன்றைக்கே நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு வர்த்தகத்தில் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். 20,000-க்கு அது 200 ரூபாய். 400-க்கு வாங்கி 396-இல் ஸ்டாப் லாஸ் என்றால் இடைவெளி 4 ரூபாய். 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50 பங்கு, அதற்கு மேல் ஒன்றுகூட வாங்குவதில்லை. ஜூன் 4 அன்று நான் வாங்கியது 240.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாப் லாஸில் இரண்டு வகை உண்டு. இதற்குக் கீழே விற்காதே என்று ஒரு விலையை, அதாவது லிமிட், வைத்துப் போட்டால், விலை சட்டென்று விழும்போது நாம் குறித்த விலையைத் தாண்டிப் போய்விடும், ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். கிடைக்கிற விலைக்கே விற்கும் மார்க்கெட் வகையில் நினைத்ததைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் பெரும்பாலும் வெளியேறிவிடலாம். இதைப் பணம் போடுவதற்கு முன்பே புரிந்துகொள்ளுங்கள்.

தெற்கு மாசி வீதியிலிருந்து:

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் விலையைப் பற்றி எழுதிவிட்டார், நான் செலவைப் பற்றி எழுதுகிறேன். என் முதல் லாபம் 100 ரூபாய். 500 ரூபாய்ப் பங்கு 100 வாங்கி 501-க்கு விற்றேன். அன்று இரவு, அன்றைய வர்த்தகத்தையும் பிடித்த கட்டணங்களையும் காட்டும் கான்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வந்தது. தரகு இரண்டு பக்கமும் சேர்த்து 30 ரூபாய். விற்ற தொகையில் 0.025 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, 12 ரூபாய்க்கு மேல். பிறகு பங்குச்சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, தரகின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் சுமார் 53 ரூபாய். என் கையில் மிஞ்சியது 47. ஒரு நாளைக்கு எட்டு முறை வாங்கி விற்றால் என்ன ஆகும் என்று அன்றே பேனாவால் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இரண்டு முறைக்கு மேல் தொட்டதில்லை.

இன்ட்ராடே லாபம் வருமான வரியில் ஊக வணிக வருமானம். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும் ஐடிஆர்-3 என்ற வருமான வரிக் கணக்குப் படிவம்தான் போட வேண்டும். நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நான்கு ஆண்டு வரை கொண்டுசென்று, ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம்.

திருமங்கலத்திலிருந்து:

நான் பட்டது வேறு விதம். கைப்பேசிக் குழு ஒன்றில் "இன்று நிச்சயம் விழும்" என்று ஒரு சிறிய நிறுவனப் பங்கைச் சொன்னார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. கையில் இல்லாத பங்கை முதலில் விற்று மாலைக்குள் திருப்பி வாங்குவதுதான் ஷார்ட். விற்றேன். பகல் 1 மணிக்கு அது ஏறி, அன்றைய உச்ச வரம்பில் போய் நின்றுவிட்டது. அப்பர் சர்க்யூட். திரையில் வாங்குவோர் வரிசை நீண்டிருந்தது. விற்போர் பக்கம் வெறும் சுழியம். எந்த விலை கொடுத்தாலும் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை. கடைசியில் பங்குச்சந்தையே ஏலத்தில் வாங்கி, வித்தியாசத்தையும் அபராதத்தையும் என் கணக்கில் எழுதியது. இப்போது நிஃப்டி 50 பட்டியலுக்கு வெளியே நான் ஷார்ட் போவதே இல்லை. குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

வில்லாபுரத்திலிருந்து, மீண்டும்:

கல்லூரியில் படிக்கிற தம்பி எவ்வளவு பணத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தார். 2022-23-இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நட்டப்பட்டார்கள் என்று செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வருடத்துக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 10-க்கு 8. அதனால் கல்லூரிக் கட்டணத்தையோ வீட்டுப் பணத்தையோ தொடாதே தம்பி.

9.15-க்குச் சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரம் விலை தாறுமாறாக ஓடும், சும்மா பார். அதன்பின் பெரிய நிறுவனப் பங்கு ஒன்றே ஒன்று வாங்கு. எங்கே வெளியேறுவாய் என்பதை வாங்குவதற்கு முன்பே தாளில் எழுதிவை. 3 மணிக்குள் விற்றுவிடு. இரவு கான்ட்ராக்ட் நோட் வந்ததும் பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடு. தெற்கு மாசி வீதித் தங்கை வரி வரியாகப் பார்த்துச் சொல்வார்.