கலைச்சொல் தேவை: 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' தளபதியா?

அனைவருக்கும் வணக்கம்.

'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' பதவியை உருவாக்க 2019 டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த அறிவிப்பில் ஒரு வரி. நம் நாளிதழ்கள் வழங்கும் 'முப்படைத் தலைமைத் தளபதி'யைப் போட்டு எழுதினால் இப்படி வருகிறது:

"முப்படைத் தலைமைத் தளபதிக்கு, மூன்று படைகளின் தளபதிகள் உட்பட யார் மீதும் கட்டளை அதிகாரம் இராது."

தளபதியாம், கட்டளையிட முடியாதாம். படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். மூலத்தில் பிழை இல்லை. அரசுக்கு நடுநிலையாக ஆலோசனை சொல்ல வேண்டியவர் என்பதால் கட்டளை அதிகாரத்தை வேண்டுமென்றே தரவில்லை. 'ஸ்டாஃப்' என்ற சொல்லை நாம் விழுங்கிவிட்டதால் வந்த வினை இது. ஒரு சொல் சொல்லுங்கள். 'பணியாளர் தலைவர்' மட்டும் வேண்டாம், தொழிற்சங்கத் தேர்தல் நினைவு வருகிறது.

*

> 'ஸ்டாஃப்' என்ற சொல்லை நாம் விழுங்கிவிட்டதால்

அதேதான். சொல்லுக்கு முன் வேலையைப் பார்த்துவிடலாம்.

தாக்குதல் உத்தரவு ஒன்று தலைமையகத்தில் எப்படி உருவாகிறது? அங்கே தளபதிக்கு உதவும் அதிகாரிகளின் கிளைகள்தான் 'ஸ்டாஃப்'. நேட்டோ பாணியில் ஜி-1 ஆளணி, ஜி-2 உளவு, ஜி-3 நடவடிக்கை, ஜி-4 வழங்கல், ஜி-5 திட்டம், ஜி-6 தகவல்தொடர்பு. எதிரி எங்கே, எத்தனை பேர் என்று ஜி-2 சொல்லும். ஜி-3 இரண்டு மூன்று வழிகளை வரைந்து வைக்கும். எந்த வழிக்கு எரிபொருளும் குண்டும் போதும், எதற்குப் பாதியில் தீர்ந்துபோகும் என்று ஜி-4 கணக்குப் போடும். தளபதி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதன்பின் அதை ஐந்து பத்தி உத்தரவாக எழுதுவது மறுபடி இவர்கள் வேலை: சூழல், பணி, நிறைவேற்றும் முறை, வழங்கல், கட்டளையும் தொடர்பும். முடிவு தளபதியுடையது, எழுத்து இவர்களுடையது, கீழே போவது தளபதியின் பெயரில்.

இந்தக் கிளைகளை இழுத்துக் கட்டுபவர்தான் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்'. ஜி-3 வரைந்த அழகான திட்டத்துக்கு ஜி-4 இடம் லாரி இல்லை என்பதை முந்தின நாளே கண்டுபிடிக்க வேண்டியவர். அவர் கோட்டைவிட்டால் டாங்கிகள் முன்னே போய் நிற்கும், டீசல் பின்னால் எங்கோ கிடக்கும்.

சிக்கல் என்னவென்றால், நாடுகள் இந்தப் பெயரை அவரவர் வசதிக்கு வைத்துக்கொண்டன. இந்தியத் தரைப்படையின் தலைவர் 1955 வரை 'கமாண்டர்-இன்-சீஃப்'. அந்த ஆண்டு சட்டத்தில் பெயர் மட்டும் 'சீஃப் ஆஃப் தி ஆர்மி ஸ்டாஃப்' ஆனது. வேலை மாறவில்லை, அவர் இன்றும் தரைப்படையை நடத்துகிறார். இஸ்ரேலின் 'ரமத்கல்' பெயரளவில் ஸ்டாஃபின் தலைவர். 1976 அடிப்படைச் சட்டப்படி படையின் உச்சக் கட்டளை நிலையும் அவரே. அமெரிக்காவில் நேர் எதிர். 1986 கோல்ட்வாட்டர்-நிக்கோல்ஸ் சட்டப்படி கட்டளை அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கும், அங்கிருந்து போர்க்களத் தளபதிகளுக்கும் போகிறது. 'ஜாயின்ட் சீஃப்ஸ் ஆஃப் ஸ்டாஃப்' என்னும் கூட்டுத் தலைவர்கள் குழுவின் தலைவர் அந்தச் சங்கிலியிலேயே இல்லை.

ஆகவே ஆங்கிலப் பெயரைப் பார்த்து மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வோம். கட்டளை உண்டா இல்லையா என்று பார்த்துத்தான் 'தளபதி' போட வேண்டும்.

*

இலங்கையில் இதற்கு நெடுநாளாகச் சொல் உண்டு: பதவிநிலைப் பிரதானி. 'ஸ்டாஃப் ஆபிசர்' என்பவர் பதவிநிலை உத்தியோகத்தர். இராணுவத் தளபதி வேறு, பதவிநிலைப் பிரதானி அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்ற பெயரோடு டெல்லியில் இருப்பவர் தரைப்படையின் முதலாமவர், கொழும்பில் இரண்டாமவர். இதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

*

ஜெர்மனில் 'ஷ்டாப்' என்றால் கோல். ஹீப்ருவில் 'மத்தே', அதுவும் கோல். ஆங்கில 'ஸ்டாஃப்' சொல்லவே வேண்டாம். தமிழில் 'தண்டு' கோலையும் குறிக்கும், படையையும் குறிக்கும். சோழர்களின் 'தண்டநாயகம்' கையிலேயே இருக்க, எங்கே தேடுகிறீர்கள்?

*

ஐயா, பொருத்தம் அழகுதான். ஆனால் 'தண்டச்சோறு' என்று வைகிற ஊரில் நான்கு நட்சத்திர ஜெனரலைத் 'தண்டத் தலைவர்' என்று அழைத்தால் நம்மை என்ன செய்வார்களோ. தவிர, தண்டநாயகம் படை நடத்தியவர். சுற்றிவந்து தளபதியிலேயே நிற்கிறோம்.

என் பரிந்துரை 'படைச்செயலகம்'. அரசாணையின் கடைசியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்றிருக்கும், கையொப்பம் செயலாளருடையது. ஸ்டாஃப் ஆபிசர் தளபதியின் பெயரில் உத்தரவு அனுப்புவதும் அதே முறைதான்.

*

> என் பரிந்துரை 'படைச்செயலகம்'

ஒப்புமை கச்சிதம் அம்மா, அதுவே ஆபத்து. பாதுகாப்புச் செயலாளர் என்று ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நம் ஆளான 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' ராணுவ விவகாரத் துறையின் செயலாளரும்கூட. ஒரே பத்தியில் மூன்று 'செயல' வந்தால் சீருடை யார், சிவிலியன் யார் என்று தெரியாது.

'படைநெறியகம்' எப்படி? ஆய்வு நெறியாளர் வழிகாட்டுவார், ஆய்வேடு மாணவருடையது. ஸ்டாஃப் ஆபிசர் 'படைநெறியாளர்'. 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' 'முப்படை நெறியகத் தலைவர்'.

*

தொலைக்காட்சி விவாத நெறியாளர் நினைவுக்கு வருகிறார். 'படை' முன்னால் இருப்பதால் பிழைத்தது. இன்னொன்று: 2025 ஜூனில் 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்'புக்குக் கூட்டு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் வந்துவிட்டதே, இப்போது தளபதிதானே?

*

இல்லை. அதற்கு முன் இரண்டு மூன்று படைகளுக்குப் பொதுவான ஆணையை ஒவ்வொரு படையும் தனித்தனியே வெளியிட்டது. இனி ஒரே தாளில் வரும், அவ்வளவே.

முதல் மடலின் வரியில் போட்டுப் பார்த்தேன்: "முப்படை நெறியகத் தலைவருக்கு, மூன்று படைகளின் தளபதிகள் உட்பட யார் மீதும் கட்டளை அதிகாரம் இராது." முரண் இல்லை. மூன்று படைகளின் தலைவர்கள் கட்டளையிடுபவர்கள், எனவே தளபதிகளாகவே இருக்கட்டும். இலங்கைப் பதவிகளுக்கு அங்குள்ள சொல்லே. நாளிதழ்த் தலைப்பில் 'முப்படை நெறியகத் தலைவர்' அடங்குமா என்பது உதவி ஆசிரியர்கள் பாடு.

அடுத்த தலைவலி: தரைப்படையில் 'வைஸ் சீஃப்' ஒருவர், அவருக்குக் கீழே 'டெபுடி சீஃப்'கள். துணைவேந்தரிலும் 'துணை', துணை ஆட்சியரிலும் 'துணை'. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?