உதவி: கிளட்ச் விட்டவுடன் கார் நின்று போகிறது, அடுத்த கிழமை லைசென்ஸ் ட்ரயல்

உப்புவெளி_பொடியன்
அண்ணைமார், அவசரம். கிளட்சை விட்டால் கார் குலுங்கி நின்று போகிறது. டிரைவிங் ஸ்கூல் வாகனத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, மாமாவின் காரில் மட்டும்தான் இப்படி. திருகோணமலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பின்னுக்கும் உருள்கிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா? அடுத்த கிழமை ட்ரயல்.

நிலாவெளி_அக்கா
தம்பி, என்ன கார்? பெற்றோலா டீசலா? ஸ்கூலில் எதில் பழகினீர்கள்? சமதரையிலும் நிற்கிறதா?

கராஜ்_வாசல்
பிளேட் இல்லை. பிளேட் தேய்ந்தால் என்ஜின் இரையும், வேகம் ஏறாது, கருகல் மணம் வரும். நின்று போகாது. இது ஐட்லிங், அதாவது அக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடுகிற வேகம், குறைவு. என்ஜினுக்குக் காற்றுப் போகிற திரொட்டில் பொடியை (throttle body) கழுவினால் சரிவரும்.

பழைய_சாரதி
கார் என்னவென்றே சொல்லவில்லை, அதற்குள் கழுவச் சொல்கிறார்கள். தம்பி, நாங்கள் லொறியில் பழகினோம். கிளட்ச் பிடிபடாமல் ஏற்றத்துக்கு ஏன் போனீர்கள்? இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தரம் பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

ஐந்தாம்_கட்டை
ஏன் இந்தப் பாடு? ஓட்டோ கியர் (ஓட்டோமற்றிக்) காரில் ட்ரயல் கொடுங்கள். இப்போது வருகிற கார்களில் கிளட்ச் எங்கே இருக்கிறது?

நிலாவெளி_அக்கா
ஓட்டோவில் பாஸ் பண்ணினால் லைசென்ஸில் ஓட்டோ மட்டும் என்றுதான் வரும். நாளைக்கு மாமாவின் காரையே தொட முடியாது.

ஐந்தாம்_கட்டை
எல்லோருக்கும் கியர் கார் தேவையில்லையே. என் மனைவி ஓட்டோவில் எடுத்துத்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்.

பழைய_சாரதி
கியர் தெரியாதவரை நான் சாரதி என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் ஹான்ட் பிரேக் பிடித்து எடுப்பதும் அப்படித்தான். கால் இரண்டும் போதும்.

நிலாவெளி_அக்கா
பழகுகிற பிள்ளைக்கு இப்படிச் சொல்லாதீர்கள். பின்னால் திரீவீலர் ஒட்டி நிற்கும்போது ஹான்ட் பிரேக்தான் பாதுகாப்பு. அனுபவம் வந்தபின் காலால் எடுக்கட்டும்.

உப்புவெளி_பொடியன்
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். ஆல்ட்டோ, பழைய 796 சிசி, பெற்றோல். சமதரையிலும் சிலநேரம் நிற்கிறது. ஏசி போட்டிருந்தேன். ஸ்கூலில் டீசல் வான். அக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடச் சொன்னார்கள்.

நிலாவெளி_அக்கா
அதுதான் விஷயம். காரில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. டீசல் வானுக்கு ஐட்லிங்கிலேயே இழுவை உண்டு, கிளட்சை விட்டாலே நகரும். உங்களுடையது சின்னப் பெற்றோல் என்ஜின், அதில் ஏசியும் ஒரு பங்கு பலத்தை எடுக்கும். கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுக்காவிட்டால் நிற்கத்தான் செய்யும்.

முதலில் ஏசியை நிறுத்துங்கள். சமதரையில் கிளட்சை மெல்ல உயர்த்தி, என்ஜின் சத்தம் தாழ்கிற இடத்தைக் காலால் கண்டுபிடியுங்கள். வானில் அந்த இடம் வேறு, ஆல்ட்டோவில் வேறு. அங்கே காலை ஒரு கணம் நிறுத்தி, அக்சிலேட்டரை லேசாகத் தொட்டு, கார் நகர்ந்த பிறகே மிச்சத்தை விடுங்கள். குதிக்கால் தரையில் இருக்கட்டும். பாட்டா செருப்பு வேண்டாம், வழுக்கும்.

ஏற்றத்தில் ஹான்ட் பிரேக்கை இழுத்து, முதலாம் கியர் போட்டு, சமதரையை விடக் கொஞ்சம் கூட அக்சிலேட்டர் கொடுங்கள். கிளட்சை உயர்த்த பொனற் லேசாக எழும்பும். அப்போதுதான் ஹான்ட் பிரேக்கை இறக்க வேண்டும், முந்தினால் உருளும்.

கோணேசர் கோயில் ஏற்றத்தில் பழகப் போகாதீர்கள். கோயில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் குறுக்கே வரும், வெள்ளிக்கிழமை சனம் நடந்து ஏறும். எல் போர்ட்டும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரும் கட்டாயம்.

பழைய_சாரதி
அக்சிலேட்டர் விஷயம் சரி. ஆனால் கிளட்சைப் பாதியில் வைத்து ஏற்றத்தில் நிற்கப் பழகினால் பிளேட் எரியும், அதையும் சொல்லுங்கள்.

நிலாவெளி_அக்கா
அதற்காகத்தான் அண்ணை ஹான்ட் பிரேக் என்றேன்.

உப்புவெளி_பொடியன்
ஏசி இல்லாமல், கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்து எடுத்தேன். சமதரையில் நிற்கவில்லை. ஏற்றம் ஞாயிறு காலை மாமாவுடன். நன்றி அக்கா.

கராஜ்_வாசல்
நல்லது. திரொட்டில் பொடியையும் ஒருக்கால் கழுவிவிடுங்கள்.