குறைமாதக் குழந்தையும் தாய்ப்பாலும்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

குடியாத்தம் அம்மா:
30-வது வாரம், பி.பி. ஏறி ஆபரேஷன், 1 கிலோ 150 கிராம். என்ஐசியு என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பீய்ச்சிப் பீய்ச்சி, ஸ்டீல் கிண்ணத்தின் அடியில் ஒட்டுகிற அளவுக்குச் சீம்பால் வந்தது. தேன் மாதிரி மஞ்சள். ஒரு மில்லி கூட இருக்காது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு ஆயா, "அது கெட்ட பாலும்மா, கீழ ஊத்திடு" என்றார். ஊற்றிவிட்டேன். வாஷ்பேசினில் அந்த மஞ்சள் கோடு தண்ணீரோடு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரை மணி நேரத்தில் நர்ஸ் ஊசி இல்லாத சிரிஞ்சோடு வந்தார். "பால் வந்துதாம்மா? ரெண்டு சொட்டு போதும், கன்னத்துக்குள்ள தடவணும்." இல்லை என்று பொய் சொன்னேன். பையனுக்கு இப்போது 4 வயது, நன்றாக இருக்கிறான். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆம்பூர் அப்பா:
எங்கள் பாப்பா 41 நாள் உள்ளே இருந்தது. மனைவியை முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் அவள் பீய்ச்சித் தந்த பாலை ஐஸ் டப்பாவில் வைத்து பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டுபோவேன். மே மாதம். ஒரு நாள் பள்ளிகொண்டா தாண்டும் முன்பே பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நிழலுக்குப் போனார்கள். நான் டப்பாவை மடியில் வைத்து, துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து "சில்லுன்னுதான் இருக்கு" என்றபோது அங்கேயே அழுதுவிட்டேன். அன்றைக்குக் குழாய் வழியாகப் போனது வேளைக்கு 3 மில்லி.

காட்பாடி:
தாய்ப்பாலே போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பொய்யாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் என் பாலில் பாக்கெட் பொடி கலந்தார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. மாமியார், "உன் பால் தண்ணியாம்" என்றார். இரண்டு நாள் பம்ப்பைத் தொடவே இல்லை. அப்புறம் பால் பாதியாகிவிட்டது.

ஓய்வு பெற்ற செவிலியர்:
காட்பாடி தங்கச்சி, உங்களுக்கு விளக்காதது தப்பு. ஆனால் பொய் என்று சொல்லாதீர்கள், இதைப் படிக்கிற இன்னொரு தாய் நிறுத்திவிடுவாள். கால்சியம், பாஸ்பரஸ், இரும்புச்சத்து எல்லாம் குழந்தைக்குப் பெரும்பாலும் சேர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். அந்தச் சேமிப்பு போதாமல் பிறக்கிற குழந்தைக்கு யாருடைய பாலும் அதை முழுதாக ஈடு கட்டாது. அதற்குத்தான் பொடி. உங்கள் பால் தண்ணீரே இல்லை. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் வாரங்களில் புரதம் நிறைமாதத் தாயின் பாலைவிட அதிகம்.

பொடியில் இல்லாதவை உங்கள் பாலில் இருக்கின்றன. இம்யூனோகுளோபுலின் ஏ குடலின் உட்சுவரைக் காக்கும். லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும். ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை குழந்தைக்குச் செரிக்காது, அது நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. என்இசி என்கிற குடல் அழுகும் நோய் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்குக் குறைவாக வருவது இதனால்தான். மற்ற தாய்மார்கள் தானமாகத் தரும் பால்வங்கிப் பாலும் நல்லதுதான். ஆனால் அதை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் கிருமியோடு இம்யூனோகுளோபுலினிலும் லாக்டோஃபெரினிலும் ஒரு பங்கு போய்விடும், அந்தச் சர்க்கரைகள் தங்கும். அதனால் முதலில் சொந்தத் தாயின் பால், அது இல்லாதபோது வங்கிப் பால், அப்புறம்தான் டப்பாப் பால்.

ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து பீய்ச்சுங்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் கூடுதல். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் சரி என்றதும் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சூட்டிலேயே பால் கூடும். சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப் பால் எதுவும் வேண்டாம், பெரியவர்கள் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

வாணியம்பாடி:
அக்கா, நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் குடியாத்தம் அம்மா கேட்டது யோசனை இல்லை. அவர் ஊற்றிவிட்டு வந்து நிற்கிறார். முதலில் அவரைப் பாருங்கள்.

என் கதை இது. 29-வது வாரம், எனக்குப் பால் இறங்கவில்லை. வங்கிப் பால் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டதும் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தியின் பாலைக் குடித்தால் அவள் பிள்ளைகள் உடன்பிறப்பு ஆகிவிடுவார்கள், நாளைக்கு நிக்காஹ் கூடாது. யார் பால் என்று தெரியாமல் எப்படி? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வர அண்ணன் பைக்கில் போனார். நான் பம்ப்போடு உட்கார்ந்து, குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் திரும்புவதற்குள் 4 மில்லி வந்துவிட்டது. ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

குடியாத்தம் அம்மா:
வாணியம்பாடி தங்கச்சி, நன்றி. செவிலியர் அக்காவுக்கும். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி பீய்ச்சினேன். நாலைந்து சொட்டு. தையல் வலியோடு நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அதே நர்ஸ்தான் இருந்தார். கன்னத்துக்குள் தடவியதும் அவன் நாக்கை வெளியே நீட்டி, மேல் உதட்டைத் தேடினான்.