ஹோஸ்ரிங் எடுத்த ஆக்கள், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

மிளகாய்த்தூள்க்காரி:
அம்மாவும் நானும் சுன்னாகத்தில வீட்டிலயே மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனாட்டு செய்து விக்கிறம். இப்பவரைக்கும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான். விலையையும் படங்களையும் ஒரு இடத்தில போட ஒரு வெப்சைற் வேணும் (அதுக்கு இணையத்தில வாடகைக்கு எடுக்கிற இடம்தான் ஹோஸ்ரிங் எண்டினம்), நான் எழுதிற சமையல் குறிப்புகளையும் அதிலயே போடலாம் எண்டு யோசினை. விசாரிச்சால் ஒருத்தர் மாதம் ஒரு டொலர் எண்டுறார், இன்னொருத்தர் கொழும்பில சேர்வர் இருந்தால்தான் வேகம் எண்டுறார், சித்தியின்ர மகன் “அக்கா, எல்லாம் நான் பாக்கிறன், நீங்கள் காசை மட்டும் தாங்கோ” எண்டுறான். எடுத்துப் பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ. விளம்பரம் வேண்டாம்.

கந்தர்மடத்தான்:
அந்த ஒரு டொலர்க் கதையை நம்பாதேங்கோ. பெரிய எழுத்தில ஒரு டொலர் இருக்கும். மூண்டு நாலு வருசக் காசை முன்னுக்கே கட்டினால்தான் அந்த விலை எண்டது கீழ சின்ன எழுத்தில கிடக்கும். தவணை முடிஞ்சு புதுப்பிக்கேக்கை இரண்டு மடங்கு, மூண்டு மடங்கு கேப்பினம். எனக்குப் புதுப்பிக்கிற நாள் 2022 மே மாதம் வந்தது. மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய் சொச்சமாய் இருந்த டொலர் அப்ப 360 ரூபாய். கம்பனியும் விலையைக் கூட்டி, டொலரும் ஏறி, பில்லைப் பாத்த மனிசி “இதென்ன, வீட்டு வாடகையே?” எண்டு கேட்டா.

ரூபாயில கட்டுற உள்ளூர்க் கம்பனி எண்டாலும் முழுக்கத் தப்பேலாது. கனபேர் வெளிநாட்டுச் சேர்வரை மொத்தமா எடுத்துத்தான் பிரிச்சு விக்கினம். ஆனால் கார்ட் தேவையில்லை, பாங்கில போட்டு விடலாம், கோல் எடுத்தால் ஒரு மனிசன் கதைப்பான். எனக்கு அதுக்கு ஒரு பெறுமதி இருக்கு.

“அன்லிமிட்டட்” எண்டு கண்டால் கோப்பு எண்ணிக்கைக்கு என்ன எல்லை எண்டு கேளுங்கோ. இடத்துக்கு எல்லை இல்லை எண்டு சொல்லிப்போட்டு அதில பிடிப்பினம்.

செம்மண்:
நான் பழைய கொம்பியூட்டர் ஒண்டில வீட்டிலயே சேர்வர் ஓட்டினனான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதோட முடிஞ்சுது.

கோயில் வீதி:
வெப்சைற் செய்து குடுக்கிறது என்ர தொழில். அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நல்லூரடியில ஒரு விடுதி. அவைக்குச் சைற் செய்து குடுத்த பெடியன் பிரான்சுக்குப் போட்டான். டொமைன், அதாவது சைற்றின்ர முகவரிப் பெயர், பதிஞ்சது அவன்ர பெயரில, அவன்ர பழைய மெயிலில. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் ஒருத்தரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள்ள. கொடியேற்றத்துக்குக் கிட்டடியில சைற் நிண்டுபோச்சு. 25 நாள் திருவிழா, வெளிநாட்டில இருந்து வாற சனம் அறை தேடுற நேரம். உரிமையாளர் ஐயா ஹோஸ்ரிங் கம்பனிக்குக் கோல் எடுத்துக் கத்துறார். அவையோ “ஐயா, ஹோஸ்ரிங்குக்கு நீங்கள் காசு கட்டித்தான் இருக்கிறியள், சைற்றும் எங்களிட்டக் கிடக்கு, டொமைன்தான் இல்லை” எண்டினம். அவருக்கு இரண்டும் ஒண்டுதான் எண்ட நினைப்பு.

டொமைன் காணி உறுதி, ஹோஸ்ரிங் வாடகை வீடு. வீடு சரிவராட்டில் மாறிப் போகலாம், உறுதி மற்றவன்ர பெயரில இருந்தால் ஒண்டும் செய்யேலாது.

டொட் கொம் காலாவதியானால் உடன போய்விடாது. டொமைன் பதிஞ்சு தாற கம்பனியள், பதிவாளர்கள் எண்டு சொல்லுறது, பெரும்பாலும் முதல் கொஞ்ச நாள் சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவினம். அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் எண்டு ஒண்டு, அதில எடுக்கத் தண்டமும் சேத்துக் கட்டவேணும். அதுக்கும் பிறகு 5 நாளில பொதுவுக்கு வந்திடும், ஆரும் பிடிக்கலாம். விடுதிக்காரர் மீட்புக் காலத்துக்குள்ள பெடியனை அவன்ர பெரியம்மா மூலமாத் தேடிப்பிடிச்சு எடுத்திட்டினம். பெடியன் நல்லவன் எண்டபடியால் தப்பிச்சுது.

தங்கச்சி, சித்தியின்ர மகன் செய்யட்டும், குறை சொல்லேல்லை. ஆனால் டொமைன் உங்கட பெயரில, நீங்கள் தினம் திறக்கிற மெயிலில, உங்கட போன் நம்பரில இருக்கட்டும். ஹோஸ்ரிங்கை வேற இடத்தில எடுங்கோ. டொமைன் இலவசம் எண்டு சேத்துத் தாறவையிட்ட, பிறகு டொமைனைப் பிரிச்சுக்கொண்டு போறதெண்டால் என்ன முறை எண்டு முதலே கேளுங்கோ. புதுசாப் பதிஞ்ச டொட் கொம்மை 60 நாளைக்கு வேற பதிவாளரிட்ட மாத்தேலாது எண்டதும் நினைவிருக்கட்டும்.

மிளகாய்த்தூள்க்காரி:
அப்ப டொட் கொம் எடுக்கிறதோ, டொட் எல்கே எடுக்கிறதோ அண்ணை?

கோயில் வீதி:
ஊருக்குள்ள விக்கிறதெண்டால் டொட் எல்கேக்கு ஒரு மதிப்பு இருக்கு. 1990இல இருந்து எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரிதான் பாக்கினம், விலையை டொட் கொம்மோட ஒப்பிட்டுப் பாருங்கோ. வெளியாலையும் அனுப்புறதெண்டால் டொட் கொம் போதும். 2010இல இருந்து தமிழில டொட் இலங்கையும் இருக்கு. ஆசையாத்தான் இருக்கும், ஆனால் சில இடங்களில ஒட்டினால் எக்ஸ்என் எண்டு தொடங்கிற ஒரு நீள வால் வரும், பாக்கிற சனம் வைரஸ் எண்டு அமத்தாது.

ரொறன்ரோ மாமி:
கொழும்புச் சேர்வர் எண்டு சொன்னவரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ பிள்ளை: உங்கட சாமானை வாங்கிறது ஆர்? எங்கட ஊர்ச் சைற்றைப் பாக்கிறதில முக்கால்வாசி இங்க ரொறன்ரோவிலும் லண்டன், பாரிசிலும் இருக்கிற சனம். தேர்ப் படம், மரண அறிவித்தல், பள்ளிக்கூட ஒன்றுகூடல், எல்லாம் நாங்கள்தான் இரவிரவா இருந்து பாக்கிறம். சேர்வர் சிங்கப்பூரில இருந்த காலத்தில பக்கம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஐரோப்பாவுக்கு மாத்தின பிறகு ஓடுது.

கோயில் வீதி:
மாமி சொன்னது சரி. இரண்டு பக்கமும் ஆக்கள் இருந்தால் சைற்றின்ர பிரதியைப் பல ஊரில வைச்சுக் குடுக்கிற கிளவுட்பிளேர் கம்பனியின்ர இலவசத் திட்டத்தைச் சைற்றுக்கு முன்னுக்கு வையுங்கோ. அவைக்குக் கொழும்பிலயும் நிலையம் இருக்கு, ரொறன்ரோவிலயும் இருக்கு, படங்களைக் கிட்ட இருந்து எடுத்துக் குடுக்கும். தேர் அண்டைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில வந்து 508 எண்டு பிழை காட்டுறதும் குறையும். அது சேர்வர் பழுதாய்ப் போனதில்லை. கனபேர் ஒரே சேர்வரைப் பகிர்ந்த ஹோஸ்ரிங்கில உங்களுக்கு ஒதுக்கின பங்கு முடிஞ்சுது எண்ட அறிவித்தல்தான்.

வடமராட்சிக் காத்து:
ஒருத்தரும் தமிழைப் பற்றிக் கதைக்கேல்லை. நான் பட்டது அதிலதான்.

பழைய ஹோஸ்ரிங்கில இருந்து புதுசுக்கு மாத்தித் தாறம், இலவசம் எண்டினம். மாத்தினால் படமெல்லாம் வடிவா நிக்குது, எழுத்து முழுக்க தொப்பி போட்ட ஏ-யும் வட்டத்துக்குள்ள ஆர்-உம். ஆயிரக்கணக்கான பதிவு. காரணம் என்னெண்டால், பதிவெல்லாம் கிடக்கிற பழைய டேற்றாபேஸ் லத்தீன்-1 எண்ட குறிமுறையில கிடந்தது, புதுசு யூரிஎப்-8. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூண்டு பைட். அந்த மூண்டையும் மூண்டு தனி எழுத்து எண்டு வாசிச்சுப்போட்டுது. நல்லகாலம், தொப்பி ஏ வந்தால் மீட்கலாம், உள்ள இருக்கிறது அழியேல்லை. கேள்விக்குறியா மட்டும் வந்திருந்தால் முடிஞ்சுது. பழைய சேர்வரை ஒரு மாதமாவது நிப்பாட்டாமல் வைச்சிருங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறது இதாலதான்.

இன்னொண்டு. சைற் நடத்திற மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில தலைப்பு தமிழில இருந்தால் முகவரியும் தமிழில வரும். அது உள்ளுக்க ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒன்பது எழுத்தா விரியும், 200 எழுத்தோட வேர்ட்பிரஸ் வெட்டிவிடும். “யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் வைக்கிற முறை” எண்டு போட்டால் “கூழ்” எண்ட இடத்தோட முகவரி நிண்டிடும். முகவரியை நீங்களே ஆங்கிலத்தில சின்னனா அடிச்சு விடுங்கோ. படத்தின்ர கோப்புப் பெயரும் ஆங்கிலத்தில இருக்கட்டும், மாத்தேக்கை தமிழ்ப் பெயர்க் கோப்புகள்தான் முதல் தொலையும்.

ஹோஸ்ரிங் விக்கிறவையிட்ட கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: டேற்றாபேஸ் யூரிஎப்-8 எம்பி-4 (யூரிஎப்-8இன்ர முழு வடிவம்) தானே? விக்கிறவைக்கு இது விளங்காட்டில் அடுத்த கடைக்குப் போங்கோ.

பழைய பதிவர்:
சமையல் குறிப்பு மட்டும் எண்டால் இலவசமா எழுதிப் போடுற பிளாக்கர் தளமே காணும். 2003இல இருந்து கூகிளின்ர கையில கிடக்கு, ஹோஸ்ரிங் காசு இல்லை, சொந்த டொமைனையும் பூட்டலாம். என்ர கூட்டாளி ஒருத்தர் காலமாகிக் கனகாலம். அவர் பிளாக்கரில எழுதினது இப்பவும் அப்பிடியே நிக்குது. காசு கட்டி வைச்சிருந்த மற்றவரின்ர சைற் அவர் போன கையோட போச்சு.

கந்தர்மடத்தான்:
சனம் இலவசம் எண்டு நம்பிச் சைற் வைச்சிருந்த ஜியோசிற்றீஸை யாகூ 2009இல இழுத்து மூடினதும் நினைவிருக்கட்டும் அண்ணை. பக்அப் எடுத்து வைச்சவன் தப்பினான். காசு குடுத்தாலும் அதே கதைதான். 2021 மார்ச் 10, பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பூர்க்கில ஓவிஎச் எண்ட ஹோஸ்ரிங் கம்பனியின்ர தரவுமையம் எரிஞ்சது. ஒரு கட்டடம் முழுக்கச் சாம்பல். பக்அப்பையும் அதே வளவுக்குள்ள வைச்சிருந்த ஆக்களுக்கு இரண்டும் போச்சு. கம்பனி எடுக்கிற பக்அப் அவைக்கு. உங்கட பிரதியை மாதம் ஒருக்கா இறக்கி வீட்டில ஒரு பென் டிரைவில போடுங்கோ.

மிளகாய்த்தூள்க்காரி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைசியா ஒண்டு, ஓடர் வந்தால் எனக்கு மெயில் வருமோ? ஒரு கடைக்காரர் தனக்கு வாறதே இல்லை எண்டார்.

வடமராட்சிக் காத்து:
வரும், ஸ்பாம் பெட்டிக்குள்ள. பகிர்ந்த ஹோஸ்ரிங்கில நூறு பேர் ஒரே ஐபி முகவரியில. அதில ஒருத்தன் குப்பை அனுப்பினால் எல்லாற்ற மெயிலிலயும் சந்தேகம். டொமைன் அமைப்பில மெயில் உண்மையா உங்கட டொமைனில இருந்துதான் வருது எண்டு காட்டுற எஸ்பிஎப், டிகேஐஎம் எண்ட இரண்டு பதிவைப் போடச் சொல்லித் தம்பியிட்டச் சொல்லுங்கோ. போட்ட பிறகு உங்கட ஜிமெயிலுக்கு ஒரு சோதனை ஓடர் அனுப்பிப் பாருங்கோ. அதுவரைக்கும் சைற்றில வட்ஸ்அப் பொத்தான் ஒண்டைப் பெரிசாப் போட்டுவிடுங்கோ. மிளகாய்த்தூள் வாங்கிற சனம் எப்பிடியும் அதைத்தான் அமத்தப் போகுது.