40 கி.மீ. தொண்டுப் பயணத்துக்கு 5 வாரம்தான் இருக்கு, 15 கி.மீ.லயே முட்டி வலி. என்ன பண்றது?

ஞாயிறுமிதி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நிதி திரட்டுறதுக்காக நடத்துற 40 கி.மீ. சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுத்துட்டேன். கூட வேலை பார்க்கிறவங்க கொடுத்தாங்களேன்னு நானும் ஒரு வேகத்துல கொடுத்தது. இன்னும் 5 வாரம் இருக்கு. நன்கொடை தர்றேன்னு சொன்னவங்க பட்டியல் நீண்டுகிட்டே போகுது, இனிமே பின்வாங்கவும் முடியாது.

வயசு 38. சைக்கிள் புதுசு இல்ல, ஆனா வாரத்துல ஒரு நாள் அஞ்சாறு கிலோமீட்டர், அதோட சரி. வண்டி ஹைபிரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவாந்திரம்), முன்னாடி 3, பின்னாடி 7 கியர், ரிம் பிரேக். ரெண்டு வருஷமா பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழதான் நிக்குது.

போன ரெண்டு ஞாயிறும் 15 கி.மீ. போனேன். ஒரு மணி 20 நிமிஷம் ஆச்சு. பாதி தூரத்துலயே முட்டிச்சில்லுக்குக் கீழ, முன்பக்கமா வலி வந்துடுது. வலது கையில சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது. சீட் வலியைப் பத்திச் சொல்லவே வேண்டாம், மறுநாள் நாற்காலியில உட்காரவே யோசிக்கிறேன். சமதள ரோட்டுலயே மூச்சு இரைக்குது.

எனக்கு ஸ்டாமினாவே இல்லையா? ஜிம்முக்குப் போகணுமா? 5 வாரத்துல 40 கி.மீ. நடக்கிற காரியமா?

எதிர்க்காத்து

எல்லாம் பழக்கம்தாங்க. தினமும் 20 கி.மீ. ஓட்டுங்க, ஒரே வாரத்துல வலி தானா அடங்கிடும். சீட்டுக்கு நல்லா மெத்துனு ஒரு ஜெல் கவர் போட்டுக்கோங்க.

கோட்டம்எடுப்பவர்

சகோதரி, தினமும் 20 ஓட்டிடாதீங்க. 15லயே வலிக்கிற முட்டியை வச்சு தினமும் 20 ஓட்டினா, பயணத்தன்னிக்கு வேடிக்கை பார்க்கத்தான் போவீங்க.

உடம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க. ரெண்டு வருஷம் சும்மா நின்ன வண்டின்னு நீங்களே சொல்லிட்டீங்க. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சு, சக்கரத்தைக் கையால ஒரு சுத்து விடுங்க. நல்லா இருக்கிற சக்கரம் சத்தமில்லாம ரொம்ப நேரம் ஓடிட்டுத்தான் நிக்கும். ‘சர்... சர்...’னு ஒரே இடத்துல உரசினா ரிம் கோட்டமா இருக்கு. விடாம உரசினா பிரேக் கட்டை ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்குது. முன்சக்கரத்தையும் இதே மாதிரி பாருங்க.

அடுத்தது காத்து. கட்டைவிரலால அமுக்கிப் பார்க்கிற கணக்கெல்லாம் வேண்டாம், கேஜ் இருக்கிற பம்ப் வேணும். எவ்வளவு அடிக்கணும்னு டயரோட பக்கச் சுவர்லயே பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) போட்டிருக்கும்.

மூணாவது, சீட் உயரம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு சீட்டுல உட்காருங்க, செருப்பு வேண்டாம், ஓட்டும்போது போடுற ஷூவோட. பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி அது மேல குதிகாலை வைங்க. கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்தை வச்சா முட்டி லேசா மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு காலும் தரையில முழுசாப் படியணும்னு இறக்கி வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

சீட் கம்பியில ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியற அளவுக்கு ஏத்திடாதீங்க.

ஞாயிறுமிதி

அண்ணா, மானம் போச்சு. பின்சக்கரம் ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு! இடது பக்க பிரேக் கட்டை ரிம்மோட ஒட்டியே கிடந்திருக்கு. இத்தனை நாளா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் மிதிச்சிருக்கேன். டயர்ல 50லிருந்து 75னு போட்டிருக்கு, கேஜ்ல பார்த்தா 22. சீட்டும் நீங்க சொன்ன மாதிரியேதான், ரெண்டு காலும் தரையில படியற உயரம்.

கட்டையை நடுவுல கொண்டுவந்து, 60 காத்து அடிச்சு, சீட்டை 4 செ.மீ. ஏத்தினேன். அதே 15 கி.மீ., ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. முன்பக்க வலி இல்லவே இல்ல.

ஆனா இப்ப முட்டிக்குப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்குது. பின்னால வந்த என் தங்கச்சி, இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதுன்னு சொல்றா.

கோட்டம்எடுப்பவர்

தங்கச்சி சொன்னதுல எல்லாம் இருக்கு. சீட் உயரம் கூடிப்போச்சு, கீழ எட்டுறதுக்காக இடுப்பு சாயுது. அரை செ.மீ. இறக்கி ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க. அப்பவும் ஆடினா இன்னொரு அரை. சரியா அமைஞ்ச இடத்துல கம்பியில டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க. ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதீங்க, எதனால சரியாச்சுன்னே தெரியாமப் போயிடும்.

வலி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ, சீட்டை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

மெதுமிதி

தோழி, நானும் வாரக்கடைசி சைக்கிள்தான், இந்த மாதிரி மூணு பயணம் போயிருக்கேன். முட்டியை அண்ணன் பார்த்துக்கிட்டார். சீட்டையும் விரலையும் நான் சொல்றேன்.

ஜெல் கவர் வேண்டாம். நாம உட்கார வேண்டியது இடுப்புக்கு அடியில இருக்கிற ரெண்டு எலும்பு மேல. கவர் மெத்துனு இருந்தா அந்த எலும்பு உள்ளே புதைஞ்சு, நடுவுல இருக்கிற மென்மையான இடம் அமுங்கும். அஞ்சு கி.மீ.க்கு சுகமா இருக்கும், இருபதுல தெரியும் சேதி. எலும்பு ரெண்டும் முழுசா உட்கார்ற அகலத்துல, ஓரளவு கெட்டியான சீட் இருந்தாப் போதும். காசு செலவழிக்கிறதா இருந்தா பேட் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸுக்குச் செலவழிங்க. உள்ளாடை போடாம போட வேண்டியது அது. யாரும் இதைச் சொல்றதில்ல, நானே முதல் தடவை உள்ளாடையோட போட்டு, தையல் உராய்ஞ்சு தோல் உரிஞ்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போற நரம்பு உள்ளங்கையோட வெளி ஓரமா, மணிக்கட்டுக்குப் பக்கத்துல போகுது. உடம்பு எடை முழுக்க அங்க இறங்கினா மரத்துப்போகும். சீட்டோட மூக்கு கீழ சாய்ஞ்சிருக்கான்னு பாருங்க. சாய்ஞ்சிருந்தா முன்னாடி வழுக்கிக்கிட்டே இருப்பீங்க, அதைக் கைதான் தாங்கணும். மட்டமா வைங்க. மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கட்டும், முழங்கையை விறைக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை பிடியை மாத்துங்க.

இன்னொரு கேள்வி. வலது முட்டி 15 விநாடியில எத்தனை தடவை மேல வருதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?

எதிர்க்காத்து

ஜெல் கவரை நான் நாலு வருஷமா வச்சிருக்கேன், ஒரு குறையும் இல்லையே?

மெதுமிதி

ஒரு தடவைக்கு எத்தனை கி.மீ. போவீங்க?

எதிர்க்காத்து

...ஆறு.

ஞாயிறுமிதி

😄 எண்ணிட்டேன். 11 வந்தது. சீட்டோட மூக்கு உண்மையிலேயே கீழதான் இருந்துச்சு, மட்டமா வச்சுட்டேன். சீட்டையும் ஒரு செ.மீ. இறக்கியாச்சு, இப்ப இடுப்பு ஆடலையாம்.

மெதுமிதி

15 விநாடிக்கு 11னா நிமிஷத்துக்கு 44 சுத்து. ஒவ்வொரு மிதியிலும் படிக்கட்டு ஏறுற மாதிரி அழுத்துறீங்க. முட்டி வலியில இதுக்கும் பங்கு இருக்கும். கியரைக் குறைச்சு 15 விநாடிக்கு 18 வர்ற மாதிரி மிதிங்க. முதல்ல கால் சும்மா சுத்துற மாதிரி, பொம்மை சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கும். ரெண்டு வாரம் பொறுங்க. மேடு வந்தா, மிதி கனமாகுறதுக்கு முன்னாடியே கியரை இறக்கிடணும்.

பயிற்சிக்கு வாரம் மூணு நாள் போதும், ஜிம் வேண்டாம். வேலை நாள்ல ரெண்டு தடவை 40 நிமிஷம். அதுல ஒரு நாள் மட்டும் நடுவுல 3 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி, 3 நிமிஷம் ஆசுவாசமா, இப்படி நாலு முறை. ஞாயித்துக்கிழமை நீளமான ஓட்டம்: 18, 22, 27, 32 கி.மீ.னு நாலு வாரம். அஞ்சாவது வாரம் 10 கி.மீ. ரெண்டு தடவை, சோம்பலா. அதுவரைக்கும் இல்லாத தெம்பு அந்த ஒரு வாரத்துல புதுசா வராது, அதிகமா ஓட்டினா களைப்புதான் சேரும். 40ஐ முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்ல. 32 போற கால் 40ம் போகும்.

நீள ஓட்டத்துல வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான். பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமாப் பேச முடியணும். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க.

ஞாயிறுமிதி

மூணாவது வாரம் முடிஞ்சுது. 27 கி.மீ. போனேன். 18 சுத்து இப்ப தானா வருது. இடது கைப்பக்க கியரை நான் இதுவரைக்கும் தொட்டதே இல்லைன்னு கண்டுபிடிச்சேன், அது வேற கதை. ஆனா 22க்கு மேல திடீர்னு கால்ல உயிரே இல்லாத மாதிரி ஆயிடுச்சு, லேசா தலைசுத்தலும். வீட்டுக்கு வந்து பார்த்தா தண்ணி பாட்டில்ல பாதி அப்படியே இருக்கு.

எதிர்க்காத்து

இந்தத் தடவை சரியாச் சொல்றேன், திட்டாதீங்க. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டின ஓட்டத்துக்கு வெறும் தண்ணி பத்தாது. முதல் அரைமணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமா, மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகணும். தண்ணி கால் மணிக்கு ரெண்டு மூணு வாய். தாகம் எடுக்கட்டும், பசிக்கட்டும்னு காத்திருந்தீங்கன்னா அதுக்குள்ள கால் ஓய்ஞ்சிடும். புதுசா எதையும் பயணத்தன்னிக்குச் சாப்பிட்டுப் பார்க்காதீங்க, 32 கி.மீ. அன்னிக்கே ஒத்திகை பார்த்துடுங்க.

இன்னொண்ணு, என் பேருக்கு ஏத்த விஷயம். கொடி அசைச்சதும் எல்லாரும் பறப்பாங்க, நீங்களும் ஒட்டிக்கிட்டுப் போயிடாதீங்க. மணிக்கு 20 கி.மீ.ல போறதுக்கும் 25ல போறதுக்கும் வித்தியாசம் சின்னதுதான்னு தோணும். ஆனா காத்தைத் தள்ள மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி போகுது. முதல் 10 கி.மீ. ‘இவ்வளவு மெதுவாவா?’னு வெட்கப்படுற மாதிரி ஓட்டுங்க.

மெதுமிதி

இதுக்கு நான் கையெழுத்தே போடுறேன் 👏 கூட்டத்துல ஓட்டிப் பழக்கமில்லைன்னா ஒண்ணு மட்டும்: முன்னாடி போறவங்க பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல உங்க முன்சக்கரத்தைக் கொண்டுபோகாதீங்க. அவங்க சட்டுனு ஒதுங்கினா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, விழறது நீங்கதான்.

ஞாயிறுமிதி

முடிச்சுட்டேன்!!! 2 மணி 51 நிமிஷம், ரெண்டு நிறுத்தம் சேர்த்து. முதல்ல எல்லாரும் தாண்டிப் போனாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு 18 சுத்தை மட்டும் எண்ணிட்டு வந்தேன். 30க்கு மேல அவங்கள்ல பாதிப் பேரை ஓரமா உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். முட்டி மூச்சே விடலை. சுண்டுவிரல் மட்டும் கடைசி அஞ்சு கி.மீ. குண்டும் குழியுமான ரோட்டுல கொஞ்சம் மரத்துச்சு.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். கடைசியில இடது காலை அழுத்துறப்பல்லாம் ‘டக்’னு ஒரு சத்தம். இடது பெடலை இறுக்கலாம்னு பார்த்தா, இறுக்க இறுக்கக் கழண்டுதான் வருது?

கோட்டம்எடுப்பவர்

கையை எடுங்க சகோதரி! இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில சுத்தினாத்தான் இறுகும். முதல்ல விரலாலயே ரெண்டு மூணு சுத்து போட்டு, மரை சரியா உட்காருதான்னு பார்த்துட்டு அப்புறம் ஸ்பேனர் வைங்க. இறுக்கினதுக்கப்புறமும் ‘டக்’ வந்தா, பெடல் மாட்டியிருக்கிற தண்டை (கிராங்க்) பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. அது ஆடிச்சுன்னா ஓட்டாதீங்க, உள்ளே இருக்கிற சதுர ஓட்டை தேய்ஞ்சு போயிடும். தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட கொண்டுபோங்க.